லாம்ப்ரே மீனும் நான்சி கோப்பெல்லின் கணக்கும்

லாம்ப்ரே என்று ஒரு மீன். விலாங்கு போல் நீண்டிருக்கும், தாடை கிடையாது. அதன் முதுகுத் தண்டை மட்டும் தனியே எடுத்துத் தக்க கரைசலில் வைத்தால், தலையும் தசையும் இல்லாமலே அது "நீந்தும்". அதாவது, நீந்தும்போது நரம்புகளில் எழும் துடிப்பலை தலைப்பக்கமிருந்து வால்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தண்டில் ஏறத்தாழ 100 கண்ணிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒரு முழுத் துடிப்பில் சுமார் நூறில் ஒரு பங்கு தாமதம். ஆக, உடல் நீளத்துக்கு ஓர் அலை. மீன் மெல்லப் போனாலும் விரைந்தாலும் இந்த விகிதம் அப்படியே நிற்கிறது. இதை ஒழுங்குபடுத்துவது எது?

1980களில் இந்தக் கேள்வியில் இறங்கியவர் கணிதவியலாளர் நான்சி கோப்பெல். 1942இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெர்க்லியில் ஸ்டீவன் ஸ்மேலிடம் ஆய்வு செய்து 1967இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேடு முழுக்க முழுக்கத் தூய கணிதம், உயிரியலின் வாடைகூட அதில் இல்லை. பிறகு கணிதவியலாளர் லூயி ஹோவர்டுடன் சேர்ந்து, தானே நிறம் மாறி மாறித் துடிக்கும் பெலூசோவ் வேதிக்கலவையை ஆராய்ந்தார். அங்கிருந்து மீனுக்கு வந்தது பெரிய தாவல் இல்லை. துடிக்கும் பொருள்தான் வேறு. கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

கணிதவியலாளர் பார்ட் எர்மென்ட்ரவுட்டும் கோப்பெல்லும் ஒவ்வொரு நரம்பணுவின் விவரத்துக்குள்ளும் போகவில்லை. ஒரு சங்கிலியில் துடிப்பிகள் கோத்திருந்தால், தாமதம் சீராக அமைய என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். இரு திசை இணைப்புகளில் ஒரு திசையின் கை ஓங்கியிருக்க வேண்டும் என்றது கணக்கு. சோதனையாளர்கள் தண்டின் ஒரு முனையை அசைத்துப் பார்த்தார்கள். வாலிலிருந்து தலை நோக்கிப் போகும் இணைப்புகளே வலுவானவை என்று முடிவு வந்தது. அலை ஓடுவதோ எதிர்த்திசையில்! 1990இல் வெளியான இந்த ஆய்வு, கணிதம் உயிரியலுக்கு வெறும் எடுபிடி அல்ல என்பதற்கு நல்ல சான்று.

1986இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த கோப்பெல், பிறகு மூளையின் தாளங்கள் பக்கம் திரும்பினார். நொடிக்குச் சுமார் 40 முறை துடிக்கும் காமா தாளம் அருகருகே உள்ள நரம்பணுக்களை ஒருங்கிணைக்க ஏற்றது. அதைவிட மெதுவான பீட்டா, செய்தி போய்ச்சேரத் தாமதமாகும் தொலைவிலும் ஒத்திசைய வல்லது. 2000இல் வெளியான அவரது குழுவின் கட்டுரை இதன் காரணத்தைக் கணக்கால் விளக்கியது.

மயக்க மருந்து புரோபோஃபோல் பற்றிய கோப்பெல் குழுவின் ஆய்வு 2010இல் வந்தது. மயக்கவியல் நிபுணர் எமரி பிரவுனும் அதில் பங்கேற்றார். மருந்து ஏறியதும் மூளையின் உட்பகுதியான தாலமஸும் மூளைப் புறணியும் நொடிக்குச் சுமார் 10 துடிப்பு என்ற ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன என்று காட்டியது அவர்களது மாதிரி. அறுவை அரங்கில் நோயாளியின் நெற்றியில் ஒட்டும், மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. மின்முனைகள் வழியே இந்த அலையைப் பார்க்கலாம்.