விடுதிக்காரரின் உடல்நலம்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஆட்கள் கூடி நிற்பார்கள்; பெயர் கூப்பிடப்படும்; வராதவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரெசரிடம் போக வேண்டும். அவர் பார்த்து மருந்து கொடுத்து, வேலைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லுவார். தொழிலாளியின் மேலுள்ள அன்பினால் மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று அது. ஆள் குறைந்தால் பாலும் குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. எப்படியாயினும், ஒருவர் படுத்துவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார்.

கெடாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பருக்குப் பதில் செம்பனையும் வீட்டு மனைகளும் வந்தபோது, நம்மவர் பலர் பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் போன்ற பட்டணங்களுக்குக் குடிவந்து சொந்தத் தொழில் தொடங்கினர். அவற்றுள் ஒன்று சிறு தங்கும் விடுதி. கீழே சாப்பாட்டுக் கடை, மேலே ஏழெட்டு அறைகள். கணவனும் மனைவியும் முதலாளிகள், அவர்களே வேலையாட்களும். இங்கே பெரட்டு இல்லை. முதலாளிக்கு எம்.சி. எழுதிக் கொடுப்பவரும் இல்லை. ஆகவே நோய் உள்ளே நுழைந்து பல மாதங்கள் ஆன பின்பும், விடுதிக்காரர் சாவிக் கொத்துடன் மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருப்பார்.

இத்தொழிலில் முதலில் கெடுவது தூக்கம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது முதல் அந்த வட்டாரத்தில் இரவும் பகலும் ஆள் நடமாட்டம் உண்டு. இயந்திரம் பழுது பார்க்க வந்தவர் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறார். மற்றொருவர் காலை ஐந்து மணிக்கே அறையைக் காலி செய்கிறார். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அதை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, மொத்தம் ஏழு வருகிறதே என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. இடையிடையே கலைந்த தூக்கம் உடலுக்கு முழுத் தூக்கம் ஆகாது. இப்படி மாதக் கணக்கில் போனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இன்சுலின் செய்ய வேண்டிய வேலையும் மந்தமாகிறது. விடியற்காலையில் சந்தைக்கு வேன் ஓட்டிச் செல்பவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கண் ஒரு நொடி மூடினால் போதும்.

இதற்கு வழி என்ன? வாசற்கதவு மூடும் நேரத்தை எழுதித் தொங்கவிடுங்கள். அதற்குப் பின் வருகிறவர் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். கணவனும் மனைவியும் இருவருமே ஒவ்வோர் இரவும் அரைத் தூக்கம் தூங்குவதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒருவர் விழித்திருக்க, மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு முழு இரவும் தூங்குவது மேல். வாரத்தில் இரண்டு இரவுக்கு நம்பிக்கையான ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அந்தச் சம்பளத்தைச் சோப்பு, மின்கட்டணம் எழுதும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். பலர் அதை வீண் செலவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்தது தேநீர். வருகிற வாடிக்கையாளர் எல்லாரும், “அண்ணே, உட்காருங்க, ஒரு தே குடிப்போம்” என்பார்கள். மறுத்தால் மரியாதையில்லை என்று இவரும் குடிப்பார். இனிப்புப் பால் ஊற்றிய தே தாரேக் ஒரு நாளில் ஐந்தாறு குவளை உள்ளே போய்விடும். பசியாறும் நேரத்தில் கூட்டம், ஆகவே ரொட்டி சானாயின் ஓரத்தை நின்றபடி கடித்துக்கொள்வார். முறையான சாப்பாடு மாலை நான்கு மணிக்கு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு உண்டு. அவர்களுள் தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களும் பலர். தே ஓ கோசோங் என்று சொல்லிப் பழகிக்கொண்டால் உபசாரமும் கெடாது, சர்க்கரையும் ஏறாது. பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஆண்டின் தொடக்கத்தில் வடக்கே அடிக்கும் வெயிலில், துணி உலர்த்தும் மொட்டைமாடி அடுப்பைப் போலக் காயும்.

அறையைச் சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. குளோரோக்ஸ் என்று கடையில் கேட்டு வாங்கும் வெளுப்பு நீரையும், கழிவறைக் கறை போக்கும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் இன்னும் வெளுக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சன்னல் இல்லாத சிறு குளியலறையில் அது நுரையீரலையே புண்ணாக்கிவிடும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். மெத்தையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

ஆளில்லாத அறைகளை மறந்துவிடக் கூடாது. டெங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை பூட்டிய அறைகளையும் திறந்து, வாளி, பூச்சாடி, கழிவறைத் தொட்டி ஆகியவற்றில் நிற்கும் நீரை அகற்ற வேண்டும். விடுதியில் டெங்கி வந்தால் முதலில் கடிபடுகிறவர் ஒருநாள் தங்கிப் போகும் விருந்தினரல்லர், அங்கேயே குடியிருக்கும் குடும்பம். எலி நடமாடும் சாமான் அறையைக் கழுவும்போது காலணியும் கையுறையும் அவசியம். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது.

இவற்றில் பெரும்பகுதி வேலை யார் தலையில் விழுகிறது? விடுதிக்கார அம்மாவின் தலையில்தான். பெயர்ப்பலகையில் இருப்பது கணவர் பெயர். விரிப்புத் துவைப்பதும், சமைப்பதும், நாள் முழுவதும் நிற்பதும் அவர். காலில் நரம்பு சுருண்டு புடைத்தால் “வயசாச்சு” என்று தைலம் தேய்த்துக்கொள்வார். கணவர் கிளினிக்குப் போகும் நாளில் கடையைப் பார்த்துக்கொள்வார். தாம் போவதற்கு மட்டும் நாள் கிடைக்காது. சோதனை என்றால் இருவருக்கும் சோதனை.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானமுள்ள 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017ஆம் ஆண்டின் 789ஆம் சட்டத்தின்கீழ் விடுதி நடத்துபவரும் பெர்க்கேசோவில் பதிந்துகொள்ளலாம். மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அது உதவும். சர்க்கரை நோய்க்கு உதவாது.

கிளினிக்கில் கொடுக்கும் தேதியை அட்டையிலேயே விட்டுவிடாமல், அறை பதிவு செய்யும் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அன்றைக்குச் சாவிக் கொத்து யார் கையில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். விருந்தினர் பெயரை எழுதிய பிறகு அந்த அறையை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை அல்லவா, அந்த நாளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.