மின்னல் முந்துவதும் இடி பிந்துவதும் ஏன்?

அலை என்றதும் நமக்குக் கடல்தான் ஞாபகம் வரும். அக்குறணை மலைப்பக்கம் இருக்கிற நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் நம்மைச் சுற்றி எப்போதும் அலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. காமன் கூத்தில் அடிக்கும் தப்புச் சத்தம் ஓர் அலை. லயத்து விளக்கின் வெளிச்சம் ஓர் அலை. வானொலிப் பாட்டும் அலையில் ஏறித்தான் வீட்டுக்கு வருகிறது.

ஒரு நீண்ட கயிற்றைத் தூணில் கட்டி, மறுநுனியை உதறிப் பாருங்கள். நெளிவு தூண் வரை ஓடும். கயிறு ஓடாது. அலை ஆட்டத்தைத்தான் கொண்டுபோகும், பொருளை அல்ல. இப்படி நெளிந்து போவது குறுக்கலை. ரயிலில் எஞ்சின் வந்து மோதினால் அந்த இடி பெட்டிக்குப் பெட்டி தாவிப் போகுமல்லவா? அது நெட்டாங்கு அலை. காற்றில் சத்தம் இப்படித்தான் போகிறது.

எல்லா அலைக்கும் வேகம் ஒன்றல்ல. வெளிச்சமும் வானொலி அலையும் செக்கனுக்கு சுமார் 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். சத்தமோ காற்றில் செக்கனுக்கு சுமார் 340 மீற்றர்தான். அதனால்தான் மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. மின்னியதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்பது கணக்கு. 30 செக்கனுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. கொழுந்து எடுத்தது போதும், மலையை விட்டு இறங்கிக் கட்டடத்துக்குள் போங்க. மரத்தடியில் ஒதுங்க வேண்டாம்.

பூமிக்குள்ளும் அலை ஓடும். 2004 டிசம்பர் 26 காலை, அன்றைய நம் நேரப்படி 7 மணிக்குச் சற்று முன், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்தில் வந்த நெட்டாங்கு அலை, சுமார் நாலு நிமிடத்தில் பல்லேகலையில் உள்ள நில அதிர்வுக் கருவியில் பதிவானது. அந்த இடம் அக்குறணையிலிருந்து நேர்கோட்டில் 15 கிலோமீற்றர் கூட இல்லை. குறுக்கலை அதற்குப் பின்னால் வந்தது.

சுனாமி அலை ஆழ்கடலில் மணித்தியாலத்துக்கு சுமார் 700 கிலோமீற்றர் ஓடினாலும், கிழக்குக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரம் கையில் இருந்தது. ஆனால் அந்தப் பதிவைப் பார்த்து உடனே கரைக்குச் சொல்ல இந்து சமுத்திரத்தில் அன்று எந்த ஏற்பாடும் இல்லை. இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரேலியவில் ரயிலோடு போனவர்களும் அதில் அடக்கம்.

பிறகு 2005-இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இந்து சமுத்திர நாடுகள் சேர்ந்து எச்சரிக்கை முறையொன்றை அமைத்தன. 2012 ஏப்ரல் 11-இல் சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கிடைத்தது. கரையோர மக்கள் மேட்டுக்குப் போனார்கள். நல்லகாலம், பெரிய அலை வரவில்லை.

நமக்கு ஆபத்து சுனாமியால் அல்ல, மண்சரிவால். அதற்கான எச்சரிக்கையும் வானொலியிலும் போனிலும், வெளிச்சத்தின் வேகத்தில் வந்துவிடுகிறது. அது வந்தபின் நாம் தாமதிக்கக் கூடாது. மழை நாட்களில் வானொலியைக் கேளுங்க. வெளியேறச் சொன்னால் வயசானவங்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்க. பக்கத்து லயத்துக்கும் ஒரு குரல் கொடுங்க. அவசரத்துக்கு 117-க்கு அழைக்கலாம்.