தமிழில் பேசினார், நம்பினேன்

டோம்பிவிலியில் குடியேறிய புதிதில் தொலைபேசிக்கு எழுதிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். இணைப்பு கிடைத்த அன்று என் மனைவி கேசரி கிளறி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தாள். மணி அடித்தால் ஊரிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று வீடே ஓடிவரும். இன்றோ கைப்பேசி ஒலித்தால், "எடுக்காதீங்க, லோன் வேணுமான்னு கேட்பான்" என்கிறாள் அதே மனைவி.

லோன்காரரும் கிரெடிட் கார்டுக்காரரும் வெறும் தொல்லை. அவர்களை அடக்க வழி இருக்கிறது. உங்கள் கைப்பேசியிலிருந்து 1909 என்ற எண்ணுக்குப் பேசி, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்த பிறகும் தொல்லை தொடர்ந்தால் அதே எண்ணில் புகார் கொடுக்கலாம். முன்பு மூன்று நாட்களுக்குள் புகார் செய்யவேண்டும் என்றிருந்ததை 2025-இல் ஏழு நாட்களாக்கினார்கள். விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கிகளும் அரசுத் துறைகளும் சேவை விஷயமாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் சட்டத்துக்குப் பயந்த வியாபாரிக்குத்தான். திருடன் பட்டியலைப் பார்த்துவிட்டா வருவான்? அப்படி வந்த ஒருவனிடம் நானே ஏமாந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நம் உறுப்பினர்களில் பென்ஷன் வாங்குபவர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன்.

2023 நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம். நவம்பர் என்றால் பென்ஷன்காரர்களுக்கு உயிர்ச்சான்று கொடுக்கும் மாதம் என்பது உங்களுக்குத் தெரியும். பேசியவர் முதலில் ஹிந்தியில் தொடங்கினார். என் பெயரையும், பி.பி.ஓ. எண்ணையும், ஓய்வு பெற்ற தேதியையும் சரியாகச் சொன்னார். என் ஹிந்தி உச்சரிப்பைக் கேட்டதும், "சார், தமிழா? நானும் திருநெல்வேலிப் பக்கம்தான் சார்" என்றார். அவ்வளவுதான், என் மனம் இளகிவிட்டது.

"உங்க லைஃப் சர்டிபிகேட் பதிவாகலை சார். இன்னைக்கு விட்டா அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும். ஒரு ஓ.டி.பி. வரும், அதைச் சொல்லுங்க, நானே முடிச்சுக் குடுத்துடறேன்."

சொன்னேன். இரண்டாவதாக ஒன்று வந்தது. அதையும் சொன்னேன். நன்றி கூட சொன்னேன். கால்மணி நேரம் கழித்து வந்த செய்தியில் என் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போயிருந்தது.

பணம் போனதை விடப் பெரிய தவறை அதற்குப் பிறகுதான் செய்தேன். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் 37 வருடம் வேலை பார்த்தவன், பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன், எப்படிச் சொல்வது? "ஏன் சாப்பிடலை?" என்று மனைவி கேட்டபோது வயிறு சரியில்லை என்றேன். சனிக்கிழமை இரவுதான் மகனிடம் சொன்னேன். அவன் உடனே 1930-க்குப் போன் செய்யச் சொன்னான். இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற உதவி எண். இதில் புகார் பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகிறது. பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்க முயல்கிறார்கள். திருடனோ அதை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவான். ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நான் இரண்டு நாள் தாமதித்ததில் 6,000 ரூபாய் மட்டுமே முடக்க முடிந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வேலையில் இருந்தபோது நான் இப்படி ஏமாந்திருக்கவே முடியாது. என்னைக் காப்பாற்றியிருக்கப் போவது என் புத்திசாலித்தனம் அல்ல; ரயில்வேயின் முறை. ரயில் வருமுன் லெவல் கிராசிங் கேட்டை மூடிவிட்டதாக கேட்மேன் தொலைபேசியில் சொன்னால் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போதாது. தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' கொடுக்கவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதி வைத்துக்கொள்வார். இருபது வருடம் பழகிய குரல்தான். இருந்தாலும் எண் வேண்டும். இதில் யாரும் யாரையும் அவமதிப்பதில்லை. குரலை நம்பி ரயில் விடுவதில்லை, அவ்வளவுதான்.

நம் வீட்டிலும் அப்படி ஒரு முறை வைத்துக்கொள்வோம். யார் பேசினாலும், எந்த மொழியில் பேசினாலும், பணமோ ஓ.டி.பி.யோ பேச்சில் வந்த உடனே இணைப்பைத் துண்டியுங்கள். பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். உயிர்ச்சான்றுக்காக யாரும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. வங்கிக்கோ தபால் நிலையத்துக்கோ போய்க் கொடுக்கலாம். 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் கொடுக்க முடிகிறது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக்கூடாது" என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே 'மன் கி பாத்' வானொலி உரையில் இதை விளக்கிச் சொன்னார். மொழி சரியாகத் தெரியாத ஊரில், பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும்.

இப்போது பழகியவரின் குரலையே கணினி போலியாக உண்டாக்குகிறதாம். அதனால் எங்கள் வீட்டிலும் ஒரு பிரைவேட் நம்பர் உண்டு. அது எங்கள் கிராமத்து வாய்க்காலின் பெயர். மகனோ பேத்தியோ அவசரமென்று பணம் கேட்டால் முதலில் அதைச் சொல்லவேண்டும்.

கடைசியாக இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர் ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. என் மகன் அன்று அதைக் கேட்கவில்லை. "அப்பா, போனை எடுங்க, 1930 அடிப்போம்" என்று மட்டும்தான் சொன்னான்.