பழைய ஜீப்பைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

டிக்லிப்பூர்ப் பக்கம் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், மழை ஓய்ந்த ஒரு நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எங்கள் கிளைக்கு வந்தார். தந்தையார் விட்டுச்சென்ற மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்பைத் தம் விருப்பப்படி மாற்றிக் கட்ட வேண்டும், அதற்கு 4 லட்சம் ரூபாய் கடன் வேண்டும் என்றார். வேறொரு வண்டியின் டீசல் எஞ்சின், நீட்டிய பின்பகுதி, அளவில் பெரிய டயர்கள், முன்புறத்தில் கனத்த இரும்புக் காப்பு என நோட்டில் பட்டியல் நீண்டது. நான் பதிவுச் சான்றினைக் கேட்டேன். அதில் உரிமையாளர் பெயர் மறைந்த தந்தையாருடையதாகவே இருந்தது. என்றோ அடைத்து முடித்த கடனுக்கான வங்கியின் பெயரும் அதில் நீக்கப்படாமல் நின்றது.

இத்தீவுகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகள்மேல் மக்களுக்குள்ள பற்றில் வியப்பில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண்ணில், தோட்டத்துச் சேற்றிலிருந்து தேங்காயும் பாக்கும் வெளியே வர வேண்டும். மஹிந்திரா ஜீப்புகளும், 1985இல் வந்த மாருதி ஜிப்சியும் இவ்வேலைக்கே பிறந்தவைபோல் உழைத்தன. எளிய அமைப்புடையவை என்பதால் உள்ளூர் மெக்கானிக் ஒருவரே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆகவே புதிய வண்டிக்குச் செலவிடுவதை விடப் பழையதைப் புதுக்கலாம் என்ற எண்ணம் தவறன்று. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முன்புற இரும்புக் காப்புகள் கூடாதென மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருப்பதால், அதே வகை எஞ்சினைப் பொருத்தினாலும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்றுப் பதிய வேண்டும். நிறம் மாறினாலும் சான்றில் ஏற வேண்டும்.

ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியைப் பொருத்தி மின்கலத்துக்கு மாறுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருவது வேறு கதை. கல்பாங் நீர்மின் நிலையத்தை அருகில் வைத்திருக்கும் டிக்லிப்பூர்க்காரர்கள் வேண்டுமானால் சற்றே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

இவற்றைக் கழித்த பின்பும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சேஸிஸைச் செம்மை செய்வது, அசல் அளவில் புதிய லீஃப் ஸ்பிரிங், பிரேக், மின்கம்பி வேலை, இருக்கை, தார்ப்பாய்க் கூரை, துருத்தடுப்புப் பூச்சு என எல்லாம் அசலுக்கு மீட்கும் வேலைகளே. தீவின் உப்புக்காற்றுக்கு உண்மையில் தேவைப்படுவனவும் இவைதாம்.

பணத்தை எங்கே முதலில் போடுவது என்றால், சேஸிஸில் என்பேன். வெளித்தகடு பளபளத்தாலும் உள்ளே துரு தின்றிருக்கும். ஸ்பிரிங் தாங்கிகள், குறுக்குச் சட்டங்கள், உடற்பகுதி அமரும் இடங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில வேளை சுத்தியல் உள்ளேயே போய்விடும். இந்தச் சோதனைக்கு முன் டயரும் விளக்கும் வாங்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை இன்றும் அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன.

இனி, வங்கிக்காரனாக நான் சொல்ல வேண்டியது. நிலப்பகுதியில் ஒரு பேரிங் தேவைப்பட்டால் மறுநாள் வந்துவிடும். நமக்கோ சென்னைக்கும் போர்ட் பிளேர் என்று இன்றும் நாம் அழைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. சரக்கு கப்பலேறி வந்திறங்கிய பின் டிக்லிப்பூருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். ஆகவே இங்கு வண்டிவேலையின் பெரும்பகுதி காத்திருப்பதே. காத்திருக்கும் நாளுக்கும் வட்டி உண்டு.

மேற்படி 4 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,286 ரூபாய். மொத்த வட்டி சுமார் 78,300 ரூபாய். வண்டி துண்டு துண்டாகக் கிடந்தாலும் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். மாறாக, நிலைவைப்பின் மேல் மிகைப்பற்று வசதி பெற்றிருந்தால், எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. 8 சதவீதத்தில் முதலில் 1 லட்சம் மட்டும் எடுத்துச் சேஸிஸை முடித்து, உதிரிபாகத்துக்காக நான்கு மாதம் காத்திருந்தால் வட்டி சுமார் 2,667 ரூபாய்தான். (இவ்விகிதங்கள் எடுத்துக்காட்டே, நடப்பு விகிதத்தைக் கிளையில் கேட்டறியவும்.) பழைய வண்டியையே ஈடாக வைத்துக் கடன் பெற இயலுமா என்பார்கள். வண்டியின் வயதுக்கு வரம்பு இருப்பதால் அது பெரும்பாலும் இயலாது.

காகித வேலைக்கும் காலம் ஒதுக்க வேண்டும். பழைய அடமானக் குறிப்பை நீக்க வங்கியின் தடையில்லாச் சான்றுடன் படிவம் 35. இறந்தவரின் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டைத் தாண்டிய இலகுரக வாகனங்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் சோதிப்பார்கள் என்பதால், அந்தத் தேதி நெருங்கும்போது வண்டியைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். நிலப்பகுதியிலிருந்து பழைய வண்டி வாங்கி வருவோர், அங்குள்ள பதிவு அலுவலகத்தின் படிவம் 28 தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம்.

காப்பீட்டில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு ரசீதையும் படத்தையும் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் காட்டி மதிப்பைத் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் நமக்கே எதிராக நிற்கும்.

நம் வாடிக்கையாளர் முதலில் சற்றே முகம் வாடினார். பிறகு என் மேசையிலேயே நோட்டைத் திறந்து நான்கு வரிகளை அடித்தார். பெயர் மாற்றமும் அடமான நீக்கமும் முடிந்தன. நிலைவைப்பின் மேல் இதுவரை எடுத்திருப்பது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. சேஸிஸில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் மாற்றப்பட்டு, பூச்சும் காய்ந்துவிட்டது. ஸ்பிரிங்குகள் அடுத்த கப்பலில் வர வேண்டும்.