தலையில் படகு... கையில் கயிறு!

கார் என்று ஒன்று வந்த நாளிலிருந்து, அதன் தலையில் எதையாவது ஏற்றாமல் நம்மவர்கள் விட்டதில்லை. கட்டில், மெத்தை, சைக்கிள், வாழைத்தார், புதுமணத் தம்பதியின் பீரோ... திருநெல்வேலி - தென்காசி சாலையில், ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு நின்றால் ஒரு பொருட்காட்சியே பார்த்துவிடலாம். (ஒரு மணி நேரமா டீ குடிப்பீர்கள் என்று கேட்காதீர்கள். சாரல் சீசனில் மூன்று டீ எல்லாம் சர்வசாதாரணம்!)

ஆனால் படகு? அதுவும், கேரியர் இல்லாத காரில்?

என் மச்சினன் ஒரு கயாக் வாங்கிவிட்டான். செகண்ட் ஹேண்ட். ஒரே ஆள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டையான துடுப்பால் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போகிற ஒல்லிப் படகு. விற்றவர் சென்னையிலிருந்து பார்சல் லாரியில் போட்டுவிட்டார். அது திருநெல்வேலியில் வந்து இறங்கிவிட்டது. ஆலங்குளத்துக்கு இன்னும் 30 கிலோமீட்டர் போக வேண்டும்.

"அத்தான், வெறும் இருபத்தஞ்சு கிலோதான். நம்ம ஆல்ட்டோ மேல வச்சுக் கட்டிட்டு வந்துரலாம்லா?"

"எங்க மாப்ளே விடப் போற?"

"மொதல்ல ஃப்ரெண்டோட பண்ணைக் குட்டையில. பழகின பொறவு தூத்துக்குடிக் கடல்."

"குட்டியானை புடிச்சா ஒரு மணி நேரத்துல வீட்டு வாசல்ல எறக்கிருவான்லா?"

"அந்த வாடகைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிருவேன் அத்தான்."

நியாயமான பதில். கிளம்பினோம்.

வழுக்கைத் தலைக் கார்கள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் இது ஒரு பிரச்னையே இல்லை. அந்தக் கார்களின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு விளிம்பு ஓடும். அதில் நாலு கிளாம்ப்பை மாட்டினால் கேரியர் ரெடி. டாக்ஸி என்றாலே தலையில் கேரியர்தான். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. இன்றைய சின்னக் கார்களில் அந்த விளிம்பு கிடையாது. கூரை, எண்ணெய் தடவிய வழுக்கைத் தலை மாதிரி வழவழவென்று இருக்கிறது. கயிறு கட்ட ஒரு பிடிமானம் வேண்டுமே!

பார்சல் ஆபீஸ் வாசலில் என் மச்சினன் படகைக் கூரைமேல் வைத்து, மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றை ஜன்னல் வழியாக விட்டுச் சுற்று சுற்று என்று சுற்ற ஆரம்பித்தான். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆபீஸில் ஃபைலுக்கு டேக் கட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கட்டு.

லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி இதைப் பார்த்துவிட்டு, பீடியைக் கீழே போட்டார்.

"தம்பி, கயித்த எத்தன சுத்து சுத்துனாலும் நிக்காது. நாலு கட்டு போதும். ஆனா நாலும் கட்டா இருக்கணும். அவுருங்க."

அவிழ்த்தோம். அடுத்த முக்கால் மணி நேரம், மாதச் சம்பளம் வாங்குகிற நாங்கள் இருவரும் கைகட்டிக்கொண்டு பாடம் கேட்டோம்.

அண்ணாச்சி நடத்திய பாடம்

முதலில் கூரையைத் துடைக்கச் சொன்னார். மண் துகள் ஒட்டியிருந்தால் பெயிண்ட் போகும், வைத்த சாமானும் வழுக்கும். பிறகு இரண்டு ஜமுக்காளத்தைக் கெட்டியாக மடித்து, ஒன்றை முன் கண்ணாடிக்கு மேலேயும், ஒன்றைப் பின்பக்கத்திலும் குறுக்காகப் போட்டார். நடுக்கூரையில் பாரம் வைக்கக் கூடாது. அங்கே தகடு மெலிசு. பள்ளம் விழுந்துவிடும். (காரோடு வந்த கையேட்டில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதையும் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.)

படகைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தி வைத்தால் மழை பெய்யும்போது தொட்டி மாதிரி தண்ணீர் சேரும். பத்து லிட்டர் சேர்ந்தால் பத்துக் கிலோ பாரம் கூடும்.

அடுத்தது குறுக்குக் கட்டு, இரண்டு. "ஜன்னல் வழியா விட்டீங்கன்னா கதவையும் சேத்துல்லா கட்டிருவீங்க? பொறவு எப்படி எறங்குவீங்க?" என்றார். நாலு கதவையும் திறந்துவைத்துக் கயிற்றைக் காருக்குள் குறுக்கே விட்டு, கூரையோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை: கூரை ஓரத்தில் திரை மாதிரி விரிகிற ஏர்பேக் உள்ள புதிய கார்களில் இந்த வழியே வேண்டாம். கயிறு அதை விரியவிடாது.

கடைசியில் மூக்குக் கட்டும் வால் கட்டும். படகின் முன்நுனியிலிருந்து இரண்டு கயிறு, வீட்டுக் கூரைச் சாய்வு மாதிரி விரிந்து, காரின் முன்பக்கம் அடியில் இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். பின்பக்கமும் அப்படியே. காருக்கு அடியில் இழுவைக் கொக்கி, இரும்புச் சட்டம் எங்கே இருக்கிறதோ அதில்தான் கட்ட வேண்டும். பம்பரில் கட்டக் கூடாது. இப்போதெல்லாம் அது வெறும் பிளாஸ்டிக்!

முடிச்சு? கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டார். நுனியைக் கொக்கியில் விட்டு மேலே கொண்டுவந்து, அந்தக் கண்ணிக்குள் நுழைத்துக் கீழே இழுத்தார். கிணற்றுக் கப்பி மாதிரி வேலை செய்தது. அண்ணாச்சி ஒரு கையால் இழுக்க, கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டுவது இந்த முடிச்சில்தான்.

மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றை அவர் தொடவே இல்லை. அதில் முடிச்சு வழுக்கி நழுவும். நைலான் நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் பெல்ட் அவ்வளவாக நீளாது. ஆபீஸிலிருந்து பழைய பெல்ட் இரண்டை எடுத்து வந்து குறுக்குக் கட்டுக்கு அதைத்தான் போட்டார். மூக்குக்கும் வாலுக்கும் நல்ல கனமான கயிறு.

எல்லாம் முடிந்ததும் படகைப் பிடித்து உலுக்கினார். படகு தனியாக ஆடவில்லை. காரே சேர்ந்து ஆடியது.

"இப்ப போங்க. ரெண்டு மைல் தாண்டி நிறுத்தி ஒருக்கா இழுத்துப் பாருங்க. கயிறு உக்காந்து கொடுக்கும்."

காசு கொடுத்தோம். டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

எதிரே வருகிறார் காற்றண்ணன்

பேட்டை தாண்டியதும் நிறுத்திப் பார்த்தோம். அண்ணாச்சி சொன்னது சரி. மூக்குக் கயிறு ஒரு விரல் அளவு தளர்ந்திருந்தது. இழுத்துக் கட்டினோம்.

சீதபற்பநல்லூர் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவருவதும் அந்தக் காற்றுதான். ஆலங்குளம், சுரண்டை வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அதுதான். நெல்லையிலிருந்து மேற்கே போகிறவனுக்கு அது நேர் எதிர்க்காற்று.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்றால், படகுக்கு அது 90. அதாவது, காற்றில்லாத நாளில் அதே வேகத்தில் போவதைவிட இரண்டேகால் மடங்கு விசை. அதுவும் மூக்குக்கு அடியில் புகுந்து மேலே தூக்கப் பார்க்கும். மூக்குக் கட்டு அவிழ்ந்தால் மிச்சமுள்ள கட்டுகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிரே ஒரு பஸ் வேகமாகக் கடந்துபோனால் போனஸாக ஒரு அறை வேறு!

45-க்கு மேல் போகவிடவில்லை நான். பெல்ட் 'ம்ம்ம்' என்று பாட ஆரம்பித்தது. நிறுத்தி, பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டதும் பாட்டு நின்றது. சாரல் மட்டும் பெல்ட் வழியாகவே உள்ளே இறங்கி, மச்சினன் தொடையில் சொட்டிக்கொண்டே வந்தது.

"படகுல போனாக்கூட இவ்வளவு நனைய மாட்டேன் அத்தான்."

மாறாந்தை பக்கம் கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பின்னால் ஒரு டி.வி.எஸ்.-50. அப்பா ஓட்ட, முன்னால் ஒரு பையன் நிற்க, பின்னால் அம்மா மடியில் கைக்குழந்தை. அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் 25 கிலோ பிளாஸ்டிக்குக்கும் நடுவே இருந்தது, முன்பின் தெரியாத ஒரு அண்ணாச்சி போட்ட நாலு கட்டு. நல்ல வேளை, அது கட்டாக இருந்தது. மச்சினன் சுற்றிய மஞ்சள் கயிறோடு கிளம்பியிருந்தால் என்று நினைத்தபோது கை லேசாக வியர்த்தது.

சட்டத்துக்கும் இந்த விஷயத்தில் கோபம் அதிகம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில், அனுமதித்த அளவைத் தாண்டி பாரம் பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். இறக்கிவைக்கும் செலவு தனி! மச்சினன் படகு 3 மீட்டர். கார் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் நீட்டவில்லை. நாலு மீட்டர்ப் படகாக இருந்தால் குட்டியானையே மலிவு.

கட்டு நம்ம ஊர்ச் சரக்கு!

ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று ஒரு சொல் உண்டு. நம் கட்டுமரம்தான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆனது. (அவர்கள் அந்தப் பெயரை இரட்டை அடிப்பாகம் உள்ள படகுக்கு வைத்துக்கொண்டார்கள், அது வேறு கதை.) ஆணி கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்தால் அவிழ்த்து, மரத்தைக் காயப்போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு. உயிரே அந்தக் கட்டில்தான்.

கயாக் வடதுருவத்து இன்யூட் மக்களின் படகு. எலும்பு அல்லது மரச் சட்டத்தில் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தது. அதைக் காரில் கொண்டுபோகும் கவலை அவர்களுக்கு இல்லை. ஜெர்மனியில் யோஹான் க்ளெப்பர் என்ற தையல்காரர் 1907-ல் மடித்துப் பைக்குள் வைக்கிற கயாக்கைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம். அப்படி ஒரு மடிப்புப் படகில்தான் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானிய இளைஞர், வேலையில்லாத நிலையில், 1932-ல் கிளம்பினார். இந்தியக் கரையோரமாக வந்து, கொழும்பு தொட்டு, 1939-ல் ஆஸ்திரேலியாவையே அடைந்தார். அதற்குள் உலகப் போர் தொடங்கியிருந்ததால், இறங்கியதும் கைது! கேரியர் இல்லாத கார்க்காரர்களுக்கு மடிப்புப் படகும், காற்றடைக்கும் படகும் இன்றைக்கும் நல்ல வழி. டிக்கியில் அடங்கிவிடும்.

ஆனால் படகை வண்டியில் ஏற்றுவது எப்போதும் விளையாட்டு இல்லை. 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். 600-க்கும் அதிகமான படகுகள். 2023 டிசம்பர் 17, 18-ல் நம் தென் மாவட்டங்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடித் தெருக்களுக்கு லாரியில் வந்து இறங்கின கடற்கரைப் படகுகள். லாரியைவிட நீளமான படகை, அந்த மழையில், அந்த அவசரத்தில் கட்டியவர்களின் முடிச்சு ஒன்று நழுவியிருந்தால், மொட்டை மாடியில் காத்திருந்தவர்களுக்குப் படகு போய்ச் சேர்ந்திருக்காது.

அதனால்தான் சொல்கிறேன். படகு வாங்குகிறீர்களோ இல்லையோ, அந்த லாரி முடிச்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்ளுங்கள். கட்டிலோ ஏணியோ, என்றைக்காவது எதையாவது கட்டத்தான் போகிறீர்கள். கட்டி முடித்ததும் உலுக்குங்கள். சாமான் தனியாக ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். காற்று பலமாக இருந்தாலோ, மனசுக்குள் சின்னதாக ஒரு சந்தேகம் இருந்தாலோ, கௌரவம் பார்க்காமல் குட்டியானைக்குப் போன் போடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை படகில் ஏறாமல் இருந்தால் போதும்!