சண்டை விளையாட்டில் நியாயமான களம் எது?

பூப்பந்து ஆட்டங்களைப் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்ததே. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பினரும் பக்கம் மாறுகிறார்கள். 21 புள்ளி முறையில் மூன்றாவது ஆட்டம் வரை போனால், ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் மீண்டும் ஒருமுறை மாறுகிறார்கள். அரங்கின் குளிர்சாதனக் காற்று ஒரு பக்கமாக வீசினால், எடை குறைந்த இறகுப்பந்து அந்தக் காற்றோடு போகும். காற்றை முழுமையாக நிறுத்த முடியாது. அதன் சாதக பாதகத்தை இருவருக்கும் பங்கிட முடியும். பக்கம் மாறுவதன் நோக்கம் அதுதான்.

ஆனால், களம் ஒரு பக்கத்துக்குச் சாதகமாக இல்லாமல், ஒரு வகை ஆட்டக்காரருக்கே சாதகமாக இருந்தால் என்ன செய்வது? அப்போது பக்கம் மாறிப் பயனில்லை. வீடியோ விளையாட்டுப் போட்டிகளை நடத்துபவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கண்ட விடையில் கணிதமும் இருக்கிறது.

வீடியோ விளையாட்டு இன்று வெறும் பொழுதுபோக்கு அன்று. 2019இல் பிலிப்பீன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 'தெக்கன் 7' என்ற சண்டை விளையாட்டும் அவற்றில் ஒன்று. பதக்கமும் பரிசுப் பணமும் வந்த பிறகு, "களம்தான் என்னைத் தோற்கடித்தது" என்று தோற்றவர் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

களமே ஓர் ஆயுதம்

பல சண்டை விளையாட்டுகளில் களம் என்பது பெரும்பாலும் பின்னணித் திரைதான். நிண்டெண்டோ நிறுவனத்தின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' அப்படிப்பட்டதன்று. 1999இல் வெளிவந்த இந்தத் தொடரில், 2001இல் வந்த 'மெலீ', 2018இல் வந்த 'அல்டிமேட்' ஆகிய இரண்டும் இன்றும் போட்டிகளில் ஆடப்படுகின்றன.

இதில் எதிராளியின் உயிர்ச்சக்தியைக் குறைத்து வெல்வதில்லை. அடி வாங்க வாங்க ஒரு விழுக்காட்டு எண் ஏறிக்கொண்டே போகும். எண் ஏற ஏற, அடுத்த அடியில் பாத்திரம் மேலும் தொலைவாகத் தூக்கி எறியப்படும். திரைக்கு அப்பால் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டினால் ஓர் உயிர் போய்விடும். ஆக, எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் எத்தனை மேடைகள் மிதக்கின்றன, களத்தின் விளிம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

மெலீயில் உள்ள இரண்டு களங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். விளையாட்டின் உள் அளவீட்டில் 'டிரீம் லேண்ட்' களத்தின் மேல் எல்லை 250 அலகு உயரத்தில் இருக்கிறது. 'யோஷிஸ் ஸ்டோரி' களத்தில் அது சுமார் 168 அலகுதான், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒருவரை மேல்நோக்கி உதைத்து வெளியேற்றும் ஃபாக்ஸ் போன்ற பாத்திரத்துக்குத் தாழ்வான கூரை கொண்டாட்டம். மெல்ல மிதந்து விழும் ஜிக்லிபஃப், பீச் போன்றவற்றுக்கு உயரமான கூரை ஆயுளைக் கூட்டித் தரும்.

மேடைகளும் அப்படித்தான். 'ஃபைனல் டெஸ்டினேஷன்' களத்தில் ஒரு மேடைகூட இல்லை. எல்லாம் சமதரை. அதைப் பார்த்தால் மிகவும் நடுநிலையான களம் என்றுதான் தோன்றும். ஆனால், வேகமாகக் கீழே விழும் ஃபாக்ஸை மார்த் என்ற பாத்திரம் பிடித்து மேலே எறிந்து, விழும்போது மறுபடி பிடித்து, மறுபடி எறிந்துகொண்டே இருக்க முடியும். மேடைகள் இருந்தால் ஃபாக்ஸ் அவற்றின்மீது இறங்கித் தப்பலாம். சமதரையில் தப்ப வழி குறைவு. வெறுமையாக இருப்பதும் ஒருவருக்குச் சாதகமே.

முதலில் கழிப்பவை

மெலீயில் மொத்தம் 29 களங்கள் உள்ளன. இன்றைய ஒற்றையர் போட்டிகளில் வழக்கமாக அனுமதிக்கப்படுபவை ஆறு மட்டுமே. மற்றவற்றைக் கழித்ததற்கு முக்கியக் காரணங்கள் நான்கு.

முதலாவது, சுற்றுப்பாதை. 'டெம்பிள்' என்ற பெரிய களத்தில் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கலாம். மெலீ போட்டிகளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 8 நிமிட வரம்பு உண்டு. நேரம் முடிந்தால் அதிக உயிர் வைத்திருப்பவர் வெல்வார். உயிர் சமமானால் குறைந்த விழுக்காடு உள்ளவர் வெல்வார். வேகமான பாத்திரத்தை எடுத்தவர் ஓர் அடி மட்டும் அடித்துவிட்டு மீதி நேரம் முழுவதும் ஓடினால் போதும். அங்கே சண்டைக்கே இடமில்லை.

இரண்டாவது, விளிம்பற்ற தரை. சில களங்களில் தரை நேராக எல்லைவரை நீள்கிறது. அங்கே எல்லையோரம் நின்றுகொண்டு, நெருங்கி வருபவரைப் பிடித்துப் பின்னால் எறிந்தால், அவருடைய விழுக்காடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் உயிர் போய்விடும்.

மூன்றாவது, சுவரும் கூரையும். தூக்கி எறியப்படுபவர் சுவரில் மோதித் தன்னை நிறுத்திக்கொண்டால், போக வேண்டிய உயிர் போகாது. மாறாக, சுவரோடு சேர்த்து ஒருவரை நெருக்கித் தொடர்ந்து அடிக்கவும் முடியும்.

நான்காவது, களமே தாக்குவது. 'ஒனெட்' களத்தின் சாலையில் பாய்ந்து வரும் கார்கள் ஆட்டக்காரர்களை மோதித் தள்ளும். உயிர் போனது எதிராளியின் திறமையாலா, காராலா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

தற்செயல் வேறு, நகர்வு வேறு

அப்படியானால் அசையும் களங்கள் எல்லாமே கூடாதா? இல்லை. யோஷிஸ் ஸ்டோரியில் ஒரு சிறு மேகம் களத்தைச் சுற்றி வருகிறது. அது ஒரு சுற்றை முடிக்க 20 விநாடி ஆகும். திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தே மேகம் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதைக் கற்றுக்கொள்வது இருவருக்கும் திறந்திருக்கும் வழி. எனவே அது திறமையின் ஒரு பகுதியாகிறது.

'ஃபவுண்டன் ஆஃப் டிரீம்ஸ்' களத்தின் மேடைகளோ கணிக்க முடியாத வகையில் ஏறி இறங்குகின்றன. இருந்தாலும் மேடை சற்று உயர்வதால் மட்டும் யாருடைய உயிரும் போவதில்லை என்பதால் அது அனுமதிக்கப்படுகிறது. ஆக, தற்செயல் இருக்கிறதா என்பதைவிட, அதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதே முக்கியம்.

"தற்செயல் இருவருக்கும் பொதுதானே, நாளடைவில் சமமாகிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் பூவும் தலையும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக விழும். மூன்று முறை மட்டும் சுண்டினால் மூன்றும் பூவாகவே விழ எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. போட்டிகளில் ஒரு சந்திப்பு மூன்று அல்லது ஐந்து ஆட்டங்களில் முடிந்துவிடும். தற்செயல் சமமாகும் அளவுக்கு அங்கே அவகாசம் இல்லை.

ஒன்று, இரண்டு, ஒன்று

கழித்தது போக எஞ்சிய களங்களில் முதல் ஆட்டத்துக்கு எதை எடுப்பது? இங்குதான் கணிதம் வருகிறது. ஒரு கேக்கை இருவர் பங்கிடும்போது, ஒருவர் வெட்டி மற்றவர் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். களம் தேர்வதில் கையாளும் முறையும் அதன் உறவினர்தான். இதில் விரும்பியதை எடுப்பதற்குப் பதில், வேண்டாததை மாறி மாறி நீக்க வேண்டும்.

ஐந்து களங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். கல், காகிதம், கத்தரிக்கோல் ஆட்டத்தில் வென்றவர் முதலில் ஒன்றை நீக்குவார். அடுத்தவர் இரண்டை நீக்குவார். எஞ்சிய இரண்டில் ஒன்றை முதலாமவர் நீக்க, மிஞ்சியதே களம்.

முதலாமவருக்கு மிகப் பிடித்த களத்துக்கு 1 என்றும், அறவே பிடிக்காததற்கு 5 என்றும் எண் கொடுங்கள். இரண்டாமவரின் விருப்பம் இதற்கு நேர் எதிர் என்று கொள்ளுங்கள். முதலாமவர் 5ஐ நீக்குகிறார். இரண்டாமவர் 1, 2 ஆகியவற்றை நீக்குகிறார். எஞ்சிய 3, 4இல் முதலாமவர் 4ஐ நீக்குகிறார். மிஞ்சுவது 3. யார் தொடங்கினாலும் சரியாக நடுவில் இருக்கும் களமே கிடைக்கும். புள்ளியியலில் இதை இடைநிலை என்பார்கள்.

களங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது இங்கே அவசியம். நான்கு களங்கள் என்றால் மூன்றை நீக்க வேண்டும். அப்போது ஒருவருக்கு இரண்டு வாய்ப்பு, மற்றவருக்கு ஒன்றுதான். மெலீயில் ஆறு களங்கள் இருந்தும் முதல் ஆட்டத்துக்கு ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, 'போக்கிமான் ஸ்டேடியம்' களத்தைப் பிந்திய ஆட்டங்களுக்கு ஒதுக்குவது இதற்கு ஒத்துப்போகிறது. ஒன்பது களங்களோடு தொடங்கும் அல்டிமேட் போட்டிகளில் மூன்று, நான்கு, ஒன்று என்ற வரிசை பயன்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தாவது களமே மிஞ்சும்.

மாறி மாறி ஒவ்வொன்றாக நீக்கினாலும் ஆளுக்கு இரண்டுதானே, ஏன் இந்த வரிசை? உண்மையில் இருவரின் விருப்பங்களும் முழுக்க எதிரெதிராக இருப்பதில்லை. இருவருக்குமே பிடிக்காத ஒரு களத்தை முதலாமவர் நீக்கிவிட்டால், இரண்டாமவரின் ஒரு வாய்ப்பு மிச்சமாகிறது. முதலில் நகர்வதில் இப்படி ஓர் இழப்பு உண்டு. கடைசி முடிவையும் முதலாமவரிடமே கொடுப்பது அதற்கான ஈடு. டென்னிஸில் சமநிலை முறிப்பு ஆட்டத்தில் முதலாமவர் ஒரு முறையும், பிறகு இருவரும் இரண்டிரண்டு முறையும் சர்வீஸ் போடுவதும் இதே எண்ணத்தில்தான்.

முதல் ஆட்டத்தின் எடை

முதல் ஆட்டத்துக்குப் பிறகு, வென்றவர் ஒரு களத்தைத் தடை செய்ய, தோற்றவர் மற்றவற்றில் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய சந்திப்பில், ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த களத்தில் வென்றுவிடுகிறார்கள் என்று கொள்வோம். முதல் ஆட்டத்தில் தோற்றவர் இரண்டாவதை வெல்வார். அதில் தோற்ற மற்றவர் மூன்றாவது களத்தைத் தேர்ந்து அதை வெல்வார். ஆக, முதல் ஆட்டத்தை வென்றவரே சந்திப்பையும் வெல்கிறார். நடுக்களத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடுபடுவது ஏன் என்பது இப்போது விளங்கும். அதில் ஒரு சிறு சாய்வு இருந்தாலும் முழுச் சந்திப்பும் சாய்ந்துவிடும்.

பட்டியல் யார் கையில்?

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டியலில் உள்ளவற்றின் நடுவைத்தான் அது கண்டுபிடிக்கும். பட்டியலே ஒருபக்கம் சாய்ந்திருந்தால் நடுவும் சாயும். ஐந்து களங்களில் மூன்று சமதரைக் களங்கள் என்றால், மேடை வேண்டும் என்பவர் தம் இரண்டு வாய்ப்புகளையும் பயன்படுத்தினாலும் ஒரு சமதரைக் களம் எஞ்சியிருக்கும். சமதரையை விரும்புபவர் மேடையுள்ள இரண்டையும் நீக்கிவிடுவார்.

அல்டிமேட்டில் இது பெரிய கேள்வி. அதில் 100க்கும் மேற்பட்ட களங்கள் உள்ளன. ஆபத்துகளை அணைத்து வைக்கும் வசதியும் உண்டு. ஏறக்குறைய எந்தக் களத்தையும் ஃபைனல் டெஸ்டினேஷன் போன்ற சமதரையாகவோ, மூன்று மேடை உள்ள 'பேட்டில்ஃபீல்ட்' வடிவமாகவோ மாற்றிக்கொள்ளலாம். அவற்றைத் தனித்தனிக் களங்களாக எண்ணினால் பட்டியல் நகல்களால் நிரம்பிவிடும். எனவே ஒரே வடிவமுள்ளவற்றை ஒன்றாகவே கணக்கிடுகிறார்கள். ஒரே மாதிரியான வேட்பாளர்கள் பலர் நிற்பதால் முடிவு மாறிவிடக் கூடாது என்று தேர்தல் முறைகளை ஆராய்பவர்களும் இதே கவலையைப் பேசுகிறார்கள்.

முன்பெல்லாம் முதல் ஆட்டத்துக்கான களங்களை 'நடுநிலைக் களங்கள்' என்றே ஆட்டக்காரர்கள் அழைத்தார்கள். இப்போது 'தொடக்கக் களங்கள்' என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. எல்லாருக்கும் சமமான களம் ஒன்றுகூட இல்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் உணர்ந்ததற்கு இந்தப் பெயர் மாற்றம் பொருந்தி வருகிறது. நடுநிலை என்பது களத்தில் இல்லை. இருவரும் சம வாய்ப்போடு அதைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது.

இதைச் சோதிக்க விளையாட்டுக் கருவி தேவையில்லை. பள்ளிச் சொற்போரில் இரு அணிகளுக்கு ஐந்து தலைப்புகளைக் கொடுத்து, ஒன்று, இரண்டு, ஒன்று என நீக்கச் சொல்லிப் பாருங்கள். ஆனால், அந்த ஐந்து தலைப்புகளை யார் எழுதுவது என்பதை அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.