குட்டி முயல் வாங்கப் போறீங்களா?... ஒரு நிமிஷம் யோசிங்க!

சின்ன காஞ்சிபுரம்:

"அப்பா, எனக்கு முயல் வேணும்" என்று பிள்ளை அடம் பிடித்தால் எந்த வீட்டிலும் மறுக்க மனசு வராது. கையடக்கக் குட்டி ஒன்று அட்டைப் பெட்டியில் வந்து இறங்கி விடும். ஆனால் கத்திரி வெயில் தொடங்கியதும் அந்த வாயில்லா ஜீவனின் கதி என்ன?

முயல் நாலு நாள் விளையாட்டுப் பொருள் அல்ல. ஒழுங்காக வளர்த்தால் 8 முதல் 10 வருஷம் வரை உயிர் வாழும். இன்று 3-ம் வகுப்பு படிக்கும் பையன் காலேஜுக்குப் போகும் வரை அதைக் காப்பாற்ற வேண்டும்.

வெயில்தான் எமன்

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேறும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். காஞ்சிபுரத்திலோ மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ கூண்டை வைத்தால் ஒரே பகலில் செத்து விடும். வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். குளிப்பாட்டவே கூடாது.

புல்தான் சோறு

முயலின் பல் சாகும் வரை வளரும். புல்லை மென்றால்தான் தேயும். அருகம்புல், காய்ந்த புல்தான் முக்கிய உணவு. கேரட் ஒரு துண்டு போதும். சோறு, பிஸ்கட், வெங்காயம் வேண்டாம். தண்ணீர் எப்போதும் இருக்கணும். ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

தறி ஓடும் வீடா?

முயல் கண்டதையும் கடிக்கும். கரண்ட் ஒயரைக் கடித்தால் ஷாக் அடிக்கும். பட்டு நூலை விழுங்கினால் குடலில் சிக்கிக் கொள்ளும். பாவும் பாழாகும். தறிப் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள்.

ஜோடி வேண்டாம்

4 மாதத்திலேயே பருவத்துக்கு வந்து விடும். சினைக்காலம் சுமார் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆணையும் பெண்ணையும் 3 மாதத்திலேயே தனித்தனியாகப் பிரித்து விடுங்கள்.

ஏரிக்கரையில் விடாதீங்க

வளர்க்க முடியாமல் வயலிலோ ஏரிக்கரையிலோ விட்டால், கூண்டில் வளர்ந்த முயலுக்குத் தப்பிக்கத் தெரியாது. நாய் கடித்துக் கொன்று விடும். பசியில் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். அதேபோல், வயலில் கிடைத்த காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்கு சட்டப்படி குற்றம்.

முயல் விற்கும் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் புல் அறுத்து வரப் போவது யார்? பதில் இல்லை என்றால் முயலும் வேண்டாம்.